பரங்கிக்காய்க்குள் ஒரு வாய்ப்பாடு: ஹாலோவீன் பயிற்சித்தாள் உருவான கதை

அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் புத்தகப்பையை அக்டோபர் கடைசி வாரத்தில் திறந்து பார்த்தால், அதற்குள் பெரும்பாலும் ஒரு பேய் இருக்கும். காகிதப் பேய்தான், பயப்பட வேண்டாம்! தாளின் ஓரத்தில் சிரிக்கும் பரங்கிக்காய், மூலையில் ஒரு சிலந்தி வலை, நடுவில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 6 × 7, 8 × 4, 54 ÷ 9 என்று ஒரு கணக்கு. விடை 42 என்றால் கறுப்பு, 32 என்றால் ஆரஞ்சு, 6 என்றால் ஊதா என்று வண்ணம் தீட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வௌவால் தெரியும். அடுத்த தாளில் ஒரு சூனியக்காரி 48 தவளைகளை 6 பானைகளில் சமமாகப் போடுகிறாள், ஒரு பானைக்கு எத்தனை என்று கேள்வி. அதற்கும் அடுத்த தாளில் வௌவாலைப் பற்றி இரண்டு பத்தி, கீழே ஐந்து கேள்விகள்.

பார்ப்பதற்கு விளையாட்டாகத் தெரிகிற இந்தத் தாளுக்குள் இரண்டு பெரிய வரலாறுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, அடங்காத ஒரு திருவிழாவை ஊர்ப் பெரியவர்கள் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குள் கட்டிப்போட்ட கதை. இன்னொன்று, வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் தலையில் எப்படி ஏற்றுவது என்று இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் சண்டை. இரண்டும் எங்கே சந்தித்தன என்பதுதான் சுவாரஸ்யமான விஷயம்.

வேலியைப் பிடுங்கிய திருவிழா

ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை அங்கிருந்த கெல்ட் இன மக்கள் 'சௌயின்' என்று கொண்டாடினார்கள். அன்று இறந்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவே உள்ள கதவு கொஞ்சம் திறக்கும் என்பது நம்பிக்கை. பிற்பாடு கிறித்துவத் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் நாளாக வைத்தது. அதற்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது இந்த வழக்கமும் கூடவே போனது. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அமெரிக்காவில் அதைவிடப் பெரிதாக, குடைய எளிதாக ஒரு காய் கிடைத்தது. அதுதான் பரங்கிக்காய்.

அந்தக் காலத்து ஹாலோவீன் மிட்டாய் வாங்கும் விழா அல்ல. அது குறும்புக்கு உரிமம் கிடைத்த இரவு. பையன்கள் வீட்டு வாசல் கதவுகளைக் கழற்றி மரத்தில் மாட்டுவார்கள், வெளிக் கழிப்பறைகளைக் கவிழ்ப்பார்கள், கடை ஜன்னல்களில் சோப்புக் கட்டியால் கிறுக்குவார்கள். கிராமங்களில் இதைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள். ஊர்கள் நகரமாகி, தெருவில் மோட்டார் வண்டிகள் வந்த பிறகு அதே குறும்பு ஆபத்தான நாசவேலையாகிவிட்டது. தெருவிளக்கை உடைப்பதும் தீ வைப்பதும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமா என்ன?

மின்னசோட்டா மாநிலத்தில் அனோக்கா என்று ஒரு சிறிய ஊர். ஹாலோவீன் முடிந்த காலையில் எழுந்து பார்த்தால் மாடுகள் கடைத்தெருவில் திரியும், ஜன்னல்களில் சோப்பு அப்பியிருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்ப் பெரியவர்கள் 1920-இல் ஒரு யோசனை செய்தார்கள். பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் என்ன? ஊர்வலம் ஒன்றை நடத்தினார்கள், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்தார்கள். இன்றும் அந்த ஊர் தன்னை 'உலகின் ஹாலோவீன் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்கிறது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் குறும்பு இன்னும் முற்றியது. ஊர் மன்றங்களும் சாரணர் அமைப்புகளும் பள்ளிகளும் சேர்ந்து மாறுவேட விழா, ஊர்வலம், விருந்து என்று பிள்ளைகளை இழுத்துப் பிடித்தன. சில ஊர்களில் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைகள் எந்தக் கடை ஜன்னலில் சோப்பால் கிறுக்கினார்களோ அதே ஜன்னலில் பெயிண்டால் ஹாலோவீன் படம் வரையச் சொல்லிப் போட்டி வைத்தார்கள். திருடன் கையில் சாவியைக் கொடுத்தது போன்ற இந்தத் தந்திரம் நன்றாகவே வேலை செய்தது.

1942 முதல் 1947 வரை போர்க்காலச் சர்க்கரை ரேஷன். மிட்டாய்க்கு வழியில்லை. 1950-இல் அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழு ஹாலோவீனுக்குப் பதிலாக அந்த நாளை 'இளைஞர் மதிப்பு நாள்' என்று கொண்டாடலாம் என்று பரிந்துரைத்தது. அது எடுபடவில்லை. அதே 1950-இல் பிலடெல்பியா பக்கத்தில் ஒரு பாதிரியார் குடும்பம் தொடங்கிய யோசனை எடுபட்டது. பிள்ளைகள் பால் அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய்க்குப் பதிலாகச் சில்லறை கேட்டார்கள். முதல் வருடம் சேர்ந்தது 17 டாலர். அதை யூனிசெஃப் அமைப்புக்கு அனுப்பினார்கள். சில வருடங்களில் அந்த உண்டியல் பெட்டி அமெரிக்கா முழுவதும் பள்ளிகள் வழியாகப் பிள்ளைகள் கைக்குப் போனது. மறுநாள் வகுப்பில் சில்லறையைக் கொட்டி எண்ணிக் கூட்டுவது நல்ல கணக்குப் பாடம்தானே!

ஆக, 1950-களின் நடுவில் ஹாலோவீன் பள்ளிக்குள் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

வாய்ப்பாட்டின் நீண்ட பயணம்

இனி இரண்டாவது கதை. இதில் சென்னைக்கு ஒரு சின்ன, ஆனால் உண்மையான பங்கு உண்டு.

1787-இல் மதராஸுக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தினார். ஆசிரியர்கள் போதவில்லை. ஒருநாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதுவதும் புதிதல்ல, பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் புதிதல்ல. பெல் தன் பள்ளியில் 8 வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதைப் போன்ற ஒரு முறையை நடத்திக்கொண்டிருந்தார். மணலில் எழுதும் உத்தியை அவர் பெல்லிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1806-இல் லங்காஸ்டர் முறையில் நியூயார்க்கில் ஓர் இலவசப் பள்ளி தொடங்கியது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், முன் வரிசையில் மணல் மேசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை, எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் வாய்ப்பாடு!

மலிவு, வேகம், ஒழுங்கு. இந்த மூன்றும் அந்த முறையின் பலம். புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை என்பது அதன் பலவீனம்.

அதைக் கேட்டவர் வாரன் கோல்பர்ன். 1821-இல் பாஸ்டனில் வெளியான அவருடைய கணக்குப் புத்தகம், சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி சொன்ன வழியைப் பின்பற்றியது. முதலில் விதியைச் சொல்லி மனப்பாடம் செய்யவைக்காமல், பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருட்களை வைத்துச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு, விதியை அவர்களையே கண்டுபிடிக்கவைப்பது அவர் முறை. சூனியக்காரியின் 48 தவளைகளுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டென்றால் அது கோல்பர்ன் புத்தகத்தில்தான் இருக்கிறது.

நூறு ஆண்டு கழித்துத் தராசு மறுபக்கம் சாய்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் தோர்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து அவை எப்படித் தப்பிக்கக் கற்கின்றன என்று ஆராய்ந்தவர். 1922-இல் அவர் எண்கணிதத்தின் உளவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். '7 × 8' என்ற தூண்டலுக்கும் '56' என்ற விடைக்கும் நடுவே ஒரு பிணைப்பு உண்டு. சரியாகச் செய்து திருப்தி கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிணைப்பு இறுகும். எனவே ஒவ்வொரு பிணைப்பையும் தனித்தனியாகப் பலமுறை பழக்க வேண்டும் என்றார். பக்கம் பக்கமாகக் கணக்கு அடுக்கிய பயிற்சிப் புத்தகங்களுக்கு இதைவிட நல்ல ஆதரவு தேவையா?

1935-இல் வில்லியம் பிரௌனெல் இதை மறுத்தார். விடையைச் சட்டென்று சொல்லும் பிள்ளைகள் பலர் உண்மையில் மனதுக்குள் விரல்விட்டு எண்ணித்தான் சொல்கிறார்கள், பயிற்சி அவர்களை அதே குறுக்குவழியில் வேகமானவர்களாக மட்டுமே ஆக்குகிறது என்று காட்டினார். பொருள் புரியாத பயிற்சி வீண் என்பது அவர் கட்சி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 1957-இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்ததும் 'புதிய கணிதம்' வந்தது, 1970-களில் 'அடிப்படைக்குத் திரும்புவோம்' என்ற கோஷம் வந்தது, 1989-இல் கணித ஆசிரியர் சங்கத்தின் புதிய நெறிமுறைகள் வந்தன. ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஊதா நிறத்தில் ஒரு பேய்

திருவிழாவும் வாய்ப்பாடும் ஒரே தாளில் சேர ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. அது பெரும் கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இடம்பெறாத இயந்திரம்.

1923-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரிட்சர்ஃபெல்ட் உருவாக்கிய ஸ்பிரிட் டூப்ளிகேட்டரை அமெரிக்காவில் 'டிட்டோ' என்று அழைத்தார்கள். நம்மூரில் சைக்ளோஸ்டைல் என்று புழங்கியது ஸ்டென்சில் வைத்து மையைப் பிழியும் வகை. டிட்டோ வேறு. இதில் மூலத்தாளின் பின்னால் மெழுகு கலந்த சாயத்தாள் இருக்கும். ஆசிரியை பேனாவால் அழுத்தி வரைந்தால் சாயம் மூலத்தாளின் பின்புறம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். அதை உருளையில் மாட்டி, ஆல்கஹால் தடவிய வெள்ளைத்தாளை அதன்மீது ஓட்டினால் சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தாளில் பதியும். ஒவ்வொரு பிரதிக்கும் சாயம் குறைந்துகொண்டே போகும் என்பதால், போகப் போக எழுத்து மங்கிவிடும். ஒரு வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் அது தாராளமாகப் போதும். சாயத்தின் நிறம் பெரும்பாலும் ஊதா. புதுத்தாளில் வரும் அந்த வாடையைப் பிள்ளைகள் மூக்கில் வைத்து இழுப்பது ஒரு தலைமுறையின் பொதுப் பழக்கமாக இருந்தது. 1982-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் வகுப்பே சேர்ந்து தாளை முகர்ந்து பார்க்கும் காட்சி ஒன்று உண்டு.

இந்த இயந்திரம் செய்த மாற்றம் பெரியது. அதுவரை பயிற்சி என்றால் அச்சிட்ட புத்தகத்தில் இருப்பது அல்லது கரும்பலகையில் எழுதிப்போடுவது. புத்தகத்துக்கு மாதம் தெரியாது. அக்டோபரிலும் ஏப்ரலிலும் அதே பக்கம்தான். டிட்டோ வந்த பிறகு ஆசிரியை முந்தின நாள் இரவு தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பரங்கிக்காயை வரைந்து, அதன் பல்லுக்குள் 7 × 6 என்று எழுதி, காலையில் முப்பது பிரதி எடுத்துவிடலாம். ஓவியம் வராதவர்களுக்கு உதவ மாதா மாதம் பருவத்துக்கேற்ற படங்களை அச்சிடும் ஆசிரியர் இதழ்களும், பேய், பூனை, எலும்புக்கூடு என்று அட்டை அலங்காரங்கள் செய்து விற்ற கம்பெனிகளும் இருந்தன. ஆக, பாடப்புத்தகத்துக்குள் நுழைய முடியாத திருவிழா, ஆசிரியையின் கையெழுத்து வழியாகக் கணக்குக்குள் நுழைந்தது. ஊதா நிறத்தில் வந்த பரங்கிக்காய்க்குப் பிள்ளைகள் ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள்.

வெளியே தெருவிலும் ஒரு மாற்றம் நடந்தது. 1974-இல் டெக்சாஸில் ஒரு தகப்பன் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மகனுக்கே ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு கலந்து கொடுத்துக் கொன்றான். 1982-இல் சிகாகோ பகுதியில் மாத்திரையில் விஷம் கலந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டும் சேர்ந்து, முகம் தெரியாதவர்கள் பிள்ளைகளின் மிட்டாயில் விஷம் வைக்கிறார்கள் என்ற பீதியாக ஊதிப் பெருத்தன. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1985-இல் பழைய செய்திகளையெல்லாம் கிளறிப் பார்த்து, அப்படி முகம் தெரியாத ஒருவர் கொடுத்த மிட்டாயால் எந்தக் குழந்தையும் இறந்ததற்கோ பெரிய காயம் அடைந்ததற்கோ ஆதாரமில்லை என்று எழுதினார். ஆனால் பயம் ஆதாரம் கேட்டா வருகிறது? தெருவைவிடப் பள்ளிக்கூடம்தான் பத்திரம் என்று பெற்றோர்கள் நினைக்கத் தொடங்கினார்கள்.

விருந்து போய்த் தாள் வந்தது

1980-களிலும் 90-களிலும் பள்ளி ஹாலோவீனுக்கு எதிர்ப்பும் கிளம்பியது. சூனியக்காரியும் பேயும் பிள்ளைகளின் வகுப்பறையில் எதற்கு என்று பல கிறித்துவக் குடும்பங்கள் கேட்டன. யெகோவாவின் சாட்சிகள் பிரிவினர் எந்தப் பண்டிகையிலும் சேர மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விருந்து நேரத்தில் நூலகத்தில் தனியே உட்கார்ந்திருப்பார்கள். புளோரிடாவில் ஒரு தந்தை, பள்ளியில் சூனியக்காரி, துடைப்பம், கொப்பரை படங்கள் வைப்பது விக்கா என்ற மதத்தை அரசு ஆதரிப்பதாகும் என்று வழக்கே போட்டார். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அலங்காரம் வேறு, வழிபாடு வேறு என்பது தீர்ப்பின் சாரம். வேடிக்கை என்னவென்றால், 2004-இல் வாஷிங்டன் மாநிலத்தின் புயாலப் பள்ளி மாவட்டம் ஹாலோவீன் கொண்டாட்டத்தை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, சூனியக்காரிப் படங்கள் விக்கா மதத்தினரைப் புண்படுத்தும் என்பது! ஒரே படம், இரண்டு எதிரெதிர்ப் புகார்கள்.

ஆனால் புயாலப் சொன்ன இன்னொரு காரணம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். பாட நேரம் வீணாகிறது என்றார்கள். 2002 ஜனவரியில் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டப்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டியிருந்தது. மதிப்பெண் குறைந்தால் பள்ளி மீது நடவடிக்கை. 2007-இல் கல்விக் கொள்கை மையம் என்ற அமைப்பு நடத்திய ஆய்வில், 62 சதவீதப் பள்ளி மாவட்டங்கள் தொடக்கப்பள்ளியில் மொழிக்கோ கணக்குக்கோ நேரத்தைக் கூட்டியிருந்தன. 44 சதவீத மாவட்டங்கள் அதற்காக மற்றவற்றிலிருந்து நேரத்தை வெட்டியிருந்தன. சமூக அறிவியல், அறிவியல், ஓவியம், இசை, இடைவேளை எல்லாவற்றிலும் கத்திரி விழுந்தது.

இந்த நெருக்கடியில் அரை நாள் மாறுவேட விருந்துக்கு அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் போக எந்த ஆசிரியைக்குத் துணிச்சல் வரும்? ஆனால் வௌவால் படம் போட்ட பெருக்கல் தாளைக் கொடுத்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அது பாடம்! தேர்வுக்கு வரும் இரண்டே விஷயங்கள், வாசிப்பும் கணக்கும். ஹாலோவீன் தாள்களின் தலைப்பு 'பெருக்கல், வகுத்தல், வாசிப்புப் பயிற்சி' என்று இருப்பது தற்செயல் அல்ல. 2010-இல் வந்த பொதுப் பாடத்திட்ட நெறிமுறை, ஓரிலக்க எண்களின் பெருக்கல் அத்தனையும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நினைவில் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. கணக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தால்தான் பண்டிகைக்கு வாசலில் அனுமதி என்றாகிவிட்டது.

2006-இல் நியூயார்க் ஆசிரியர் ஒருவர் 'டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்' என்ற இணையச் சந்தையைத் தொடங்கினார். ஒரு ஆசிரியை தயாரித்த தாளை இன்னொரு ஆசிரியை சில டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சமையலறை மேசையில் பிறந்த ஊதாப் பேய் பி.டி.எஃப். ஆகிவிட்டது. 2023-இல் அந்தச் சந்தையையே ஐ.எக்ஸ்.எல். என்ற கல்வி நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பரங்கிக்காய் உதவுகிறதா?

இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்த பரங்கிக்காய், பிள்ளை கணக்குக் கற்க உதவுகிறதா, அல்லது கவனத்தைத் திருடுகிறதா? இதற்கு ஆய்வுகள் கொடுக்கும் விடை கொஞ்சம் சங்கடமானது.

2013-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கமின்ஸ்கி, ஸ்லௌட்ஸ்கி இருவரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டை வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்குப் பட்டைக்குள் பூ, காலணி போன்ற படங்கள், சிலருக்கு வெறும் பட்டை. படத்தோடு கற்றவர்கள் பலர் பக்கத்து அளவுகோலைப் பார்க்காமல் பூக்களை எண்ணக் கற்றுக்கொண்டார்கள். பூவின் எண்ணிக்கையும் அளவுகோலும் ஒத்துப்போனவரை விடை சரி. ஒத்துப்போகாத வரைபடம் வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். வெறும் பட்டையில் கற்றவர்களுக்கு அந்தக் குழப்பம் வெகு குறைவு. ஆசிரியர்களிடம் எதை விரும்புவீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் படம் போட்டதையே காட்டினார்கள்! 2014-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வில், சுவர் முழுக்க அலங்காரம் செய்த அறையில் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் கற்ற பாடத்தில் 42 சதவீத விடைகளையே சரியாகச் சொன்னார்கள். வெறும் சுவர் அறையில் அது 55 சதவீதம்.

அப்படியானால் படமே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். ஓரத்தில் ஒட்டிய சிலந்தி வேறு, கணக்குக்குள் இருக்கும் மிட்டாய் வேறு. ஹாலோவீன் இரவில் மூன்று பிள்ளைகள் 50 மிட்டாய் கொண்டுவந்து பங்கு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 16, மீதி 2. இந்த 2-ஐ என்ன செய்வது? தங்கைக்குக் கொடுப்பதா, அம்மா எடுத்துக்கொள்வதா, பாதி பாதியாக உடைப்பதா? மீதி என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்த விதியும் சொல்லித்தராது, கோல்பர்ன் 1821-இல் கேட்டதும் இதைத்தான். அதே 50-ஐ ஆளுக்கு 16 வீதம் பையில் போட்டால் எத்தனை பை நிறையும் என்று திருப்பிக் கேட்டால் வகுத்தலின் இன்னொரு முகம். பல பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் ஒரே கணக்கு என்பதே தெரியாது. சூனியக்காரியின் தவளைகளும் இந்த வகையில் தேறிவிடுகின்றன. வண்ணம் தீட்டும் வௌவால் தாளுக்கும் ஒரு நன்மை உண்டு. விடை தப்பினால் இறக்கையில் தப்பான நிறம் விழுந்து பிள்ளைக்கே தெரிந்துவிடும், திருத்த ஆசிரியை வர வேண்டியதில்லை. ஆனால் 20 நிமிடத்தில் 15 நிமிடம் பென்சில் சீவுவதிலும் வண்ணம் அடிப்பதிலும் போய்விட்டால் அது கணக்கு வகுப்பா, ஓவிய வகுப்பா?

வாசிப்புப் பகுதிதான் இன்னும் சிக்கலானது. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்கள், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். இதை ஹாலோவீன் பத்திக்குப் பொருத்திப் பாருங்கள். மூன்று வயதிலிருந்தே வேடம் போட்டு வீடு வீடாகப் போன பிள்ளைக்கு அந்தப் பத்தி பாதி தெரிந்த கதை. போன மாதம்தான் சென்னையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்திறங்கிய பிள்ளைக்கோ, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பதே புரியாத புதிர். அது தவறவிடுவது வாசிப்புத் திறனால் அல்ல, அந்த ஊர்ப் பழக்கம் தெரியாததால். மதிப்பெண் தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பண்டிகையில் சேராத வீட்டுப் பிள்ளைக்கும் இதே நிலை. அன்று விருந்து நேரத்தில் நூலகத்துக்குப் போய்விடலாம், கணக்குத் தாளிலிருந்து எங்கே போவது?

நல்ல ஆசிரியைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழக்கத்தைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல், அதையே பாடமாக்கும் பத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டர்னிப் எப்படிப் பரங்கிக்காய் ஆனது, வௌவால் ஏன் பறவை அல்ல பாலூட்டி, சிலந்திக்கு எட்டுக் கால் ஏன் பூச்சி இனத்தில் சேராது. இவற்றைப் படிக்கும்போது நியூஜெர்சியில் பிறந்த பிள்ளையும் சென்னையிலிருந்து வந்த பிள்ளையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

மற்றபடி சந்தை தன் வழியில் இதற்குத் தீர்வு கண்டுபிடித்திருக்கிறது. இணையத்தில் விற்கும் அக்டோபர் தாள்கள் பலவற்றை இரண்டு விதமாக வாங்கலாம். ஒன்று 'ஹாலோவீன்', இன்னொன்று 'இலையுதிர்காலம்'. கணக்குகள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முதலாவதில் சூனியக்காரி நிற்கும் இடத்தில் இரண்டாவதில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நிற்கும், வௌவால் இருந்த இடத்தில் ஒரு மேப்பிள் இலை. பரங்கிக்காய் மட்டும் இரண்டிலும் உண்டு. ஹாலோவீன் தாளில் அதற்குக் கண்ணும் பல்லும் குடைந்திருப்பார்கள், மற்றதில் முழுக் காயாகவே விட்டிருப்பார்கள்.